அணைக்கட்டு அக்காவின் மஞ்சள் அட்டை

"உடம்புங்கிறது நாம சொன்னதைக் கேக்கணும். கேக்கலைன்னா நாம சொன்ன விதம் சரியில்லைன்னு அர்த்தம். நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து ஷிப்டு நடுவுல ஒரு தடவைகூட அந்தக் கதவைத் தள்ளினதில்ல. இனிமேலும் தள்ள மாட்டேன். என் உடம்பு என் பேச்சைத் தாண்டாது!"

இந்தப் பிரகடனம் வெளியிடப்பட்ட இடம் போர்க்களமல்ல. வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் ஒரு தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடம். வெளியிட்டவர் மாடியில் கடைசித் தையல் வரிசையின் சூப்பர்வைசர். கேட்டுக்கொண்டிருந்தவர்கள், புதிதாக சூப்பர்வைசர் பதவிக்கு உயர்த்தப்பட்டுப் பயந்துபோய் உட்கார்ந்திருந்த சில பெண்கள். 'அந்தக் கதவு' என்று அவர் குறிப்பிட்டது கழிவறைக் கதவை.

புரொடக்‌ஷன் மேனேஜர் கை தட்டினார். எந்நேரமும் டார்கெட், டார்கெட் என்று சொல்லிக்கொண்டிருப்பதால் அவருக்கு 'டார்கெட் சார்' என்று பெயர். சூப்பர்வைசருக்கு முதுகுக்குப் பின்னால் வழங்கிய பெயர் 'அணைக்கட்டு அக்கா'. காலையில் வந்து நின்றால் மாலை மணி அடிக்கும் வரை ஒரு சொட்டு கசியாமல் நிற்பவர் என்பதால் அவருடைய வரிசைப் பெண்கள் ஒருமனதாகச் சூட்டிய பட்டம் அது. அது அவர் காதிலும் விழுந்திருந்தது. கோபப்படவில்லை. கண்ணாடி முன்னால் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றதாகக் கேள்வி.

அணைக்கட்டு அக்கா தொழில் உலகுக்கு அளித்த கொடை ஒன்று உண்டு. அதுதான் மஞ்சள் அட்டை. காலர் வெட்டுவதற்கு அளவு பார்க்கிற கெட்டியான பேட்டர்ன் அட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஓட்டை போட்டு, நாடா கோத்து, அந்த நாடாவில் தீர்ந்துபோன பெரிய நூல் கோன் ஒன்றையும் கட்டித் தொங்கவிட்டார். வரிசைக்கு ஒரே ஒரு அட்டை. போக வேண்டியவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்விட்டு, வந்து திருப்பித் தர வேண்டும். மற்ற நேரமெல்லாம் அது அணைக்கட்டு அக்காவின் கழுத்தில் தொங்கும். அவர் திரும்பி வரும் வரை அடுத்தவர் நாற்காலியில் நெளியலாம். அதற்குத் தடையில்லை. கோன் எதற்கு என்றால், போகிறவர் எங்கே போகிறார் என்பது தளம் முழுக்கத் தெரிய வேண்டும். நெஞ்சில் கோன் ஆட ஆட நடந்து போகிற பெண்ணைப் பார்த்தால், ஏதோ விளையாட்டில் கடைசியாக வந்து பதக்கம் வாங்கியவளைப் போல இருக்கும். டார்கெட் சார் இந்தக் கண்டுபிடிப்பில் சொக்கிப்போய், எல்லா வரிசைக்கும் இதையே சட்டமாக்கிவிட்டார்.

யாராவது கையைத் தூக்கினால் அணைக்கட்டு அக்கா அருகில் வந்து குனிந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"அவசரமா, பழக்கமா?"

இதற்கு யாரும் இதுவரை சரியான பதில் சொன்னதில்லை. 'அவசரம்' என்றால், "மத்தியானம் வரைக்கும் தாங்காத அவசரமா?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்குள் பாதிப் பேர், "பரவால்லக்கா, அப்புறம் போறேன்" என்று தையலுக்குத் திரும்பிவிடுவார்கள். இதனால் அந்த வரிசைப் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார்கள். மெஷின் ஓரங்களில் பாட்டில்கள் காலையில் நிறைந்து வரும், அலங்காரமாக நிற்கும், மாலையில் நிறைந்தபடியே வீடு திரும்பும். வரிசையோ நிற்காமல் ஓடியது.

சட்டைக்கு முடிசூட்டுவது காலர். அதை வைத்துத் தைப்பவர் கை நின்றால் முன்னால் உள்ளவருக்கு வேலை இல்லை, பின்னால் உள்ளவருக்குக் குவியல். அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர் காலரக்கா. அணைக்கட்டு அக்காவைவிட நாலைந்து வயது மூத்தவர். கையும் வேகம், வாயும் வேகம். அணைக்கட்டு அக்காவை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார். அந்த 'மேடம்' என்ற சொல்லில் அவர் எவ்வளவு மரியாதையைக் குறைக்க முடியுமோ அவ்வளவையும் குறைத்திருந்தார்.

"மேடம், நீங்க வீட்லயும் அட்டை வெச்சிருக்கீங்களா? உங்க வீட்டுக்காரர் வாங்கிட்டுத்தான் போவாரா?"

"காலரக்கா, கை ஓடட்டும்."

"கை ஓடுது மேடம். ஓட முடியாம இருக்குறது வேற."

இப்படியாக அந்த நாடு சுபிட்சமாக இருந்து வந்தபோதுதான் அணைக்கட்டு அக்காவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று தெரிய வந்தது.

அதைப் பற்றி விளையாட்டாக எழுத முடியாது. அவரே அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நீண்ட லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அட்டையை உறையில் போட்டு டார்கெட் சார் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார். பெரிய ஆஸ்பத்திரியில் 'கரண்ட்டு வெக்கணும்' என்றார்கள். கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பொதுஜனம் வைத்திருக்கும் பெயர் அது. அங்கே மெஷின் ஓட்டுகிற பெண் முதல் நாளே சொன்னார்:

"அம்மா, தண்ணி குடிச்சுட்டு அடக்கி வெச்சுக்கணும். மூத்திரப் பை நிறைஞ்சிருந்தாத்தான் மத்ததெல்லாம் விலகி நிக்கும். கதிர் சரியான இடத்துல விழும். ரொம்பப் பேருக்கு இதுதான் கஷ்டம். உங்களால முடியுமா?"

அணைக்கட்டு அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். மீனைப் பார்த்து நீந்தத் தெரியுமா என்று கேட்டால் மீன் எப்படிப் பார்க்குமோ அப்படி.

வெளியே காத்திருப்பு அறையில் மற்றவர்கள் காலைப் பின்னிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எத்தனை பேரும்மா?" என்று தவித்துக்கொண்டிருக்க, இவர் நாற்காலியில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நெளிந்த ஒருத்தரிடம், "மூச்சை மெதுவா விடுங்க. மனசுக்குச் சொல்லுங்க" என்று வகுப்பும் எடுத்தார். ஒரு நாள் மெஷின் பழுதாகி வெகுநேரம் தாமதமானபோது அறையே கழிவறைக்கு ஓட, இவர் மட்டும் அசையவில்லை.

"உங்களை மாதிரி அடக்குறவங்களை நான் பாத்ததே இல்லம்மா" என்றார் மெஷின்காரப் பெண்.

வாழ்நாள் சாதனைக்கு விருது கிடைத்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு அணைக்கட்டு அக்காவுக்குத் தெரிந்தது. நோய் குணமாகி, இளைத்துப்போய், முடியெல்லாம் மெலிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், நலம் விசாரிக்க வந்த பெண்களிடம் அவர் சொன்ன முதல் சேதி இதுதான். காலரக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கடவுளே, ஆஸ்பத்திரிக்குப் போயும் சூப்பர்வைசர் வேலையா?" என்றார். ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது. மஞ்சள் அட்டை மறுபடி கழுத்தில் ஏறியது.

இரண்டு வருஷம் நன்றாகத்தான் போனது. அதற்குப் பிறகு கலகம் தொடங்கியது.

முதலில் மத்தியானத்துக்கு முன்னால் அடிவயிற்றில் ஒரு முணுமுணுப்பு. அணைக்கட்டு அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை. கலகக்காரர்களைக் கண்டுகொண்டால் வளர்ந்துவிடுவார்கள் என்பது அவர் நிர்வாகக் கொள்கை. அடுத்த வாரம் அது முணுமுணுப்பாக இல்லை, கோஷமாக இருந்தது. அதற்கும் அடுத்து, அறிவிப்பே இல்லாமல் வேலைநிறுத்தம். வந்தால் வந்ததுதான், கதவு வரை நடக்கக்கூட அவகாசம் தராது. போனால் நாலு சொட்டு. அந்த நாலு சொட்டும் மிளகாய்ப் பொடி கரைத்த மாதிரி எரியும். வந்து நின்று மூச்சு விடுவதற்குள் மறுபடியும் கூப்பிடும்.

"எப்பா, இப்பத்தானே போனோம்?" என்று அவர் தன் அடிவயிற்றைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டதை உடன் பயணித்த ஒரு பஸ் பயணி பார்த்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தார்.

வீட்டுக்காரர் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் செய்பவர். உலகத்தில் உள்ள எல்லாக் கோளாறும் உள்ளே எங்கோ தாள் சிக்கியதால் வருகிறது என்ற தத்துவத்தில் ஊறியவர். மனைவிக்குப் புற்றுநோய் என்ற நாட்களில் சாப்பிடாமல் கிடந்த மனுஷன், 'புற்றுநோய் இல்லை' என்று தோன்றிய எதையும் ரிப்பேர் என்றே எடுத்துக்கொண்டார்.

"மறுபடியுமா?"

"ஏங்க, ஆசைக்கா போறேன்?"

"இப்பத்தானேம்மா போய்ட்டு வந்தே?"

இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று அணைக்கட்டு அக்காவுக்குத் தோன்றியது. எங்கே என்று யோசிக்க நேரமில்லை. ஓட வேண்டியிருந்தது.

"எங்க மெஷின்ல இப்படிச் சும்மாச் சும்மா சிக்னல் வந்தா, கோளாறு மெஷின்ல இருக்காது. சென்சார்ல இருக்கும்" என்றார் அவர், குளியலறைக் கதவைப் பார்த்து.

"அப்ப சென்சாரை மாத்திக் குடுங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வாரண்ட்டி முடிஞ்சிருக்குமே."

கதவுக்குப் பின்னால் ஒரு குவளை விழுந்தது. தானாக விழுந்ததா, எறியப்பட்டதா என்பது இன்று வரை தெரியாது.

தெரு முனை டாக்டர் 'இன்ஃபெக்‌ஷன்' என்றார். மாத்திரை கொடுத்தார். சோதனைக்கு அனுப்பிப் பார்த்ததில் கிருமியே இல்லை என்று வந்தது. கிருமிதான் இல்லையே தவிர மாத்திரை நிறைய இருந்ததால், அதையே இன்னும் வலுவாக எழுதிக் கொடுத்தார். எதிர் வீட்டம்மா தண்ணீர் அதிகம் குடிக்கச் சொன்னார். பக்கத்து வீட்டம்மா அதிகம் குடிப்பதால்தான் இப்படி என்றார். அணைக்கட்டு அக்கா இரண்டையும் கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த நிர்வாக வழியில் தண்ணீரை அறவே நிறுத்தினார். மூலப்பொருள் வரத்தை நிறுத்தினால் உற்பத்தி நின்றுதானே ஆக வேண்டும்? நிற்கவில்லை. எரிச்சல்தான் இரண்டு மடங்கு ஆனது. உதடு வெடித்ததுதான் கூடுதல் லாபம்.

தொழிற்சாலையில் நிலைமை இன்னும் மோசம். அவர் போனால் கழுத்தில் இருக்கிற அட்டையும் கூடவே போகும். கழற்றி வைத்துவிட்டுப் போகலாமே என்றால், அட்டை இங்கே, ஆள் எங்கே என்ற கேள்வி வரும். 'சாம்பிள் பாத்துட்டு வரேன்', 'பட்டன் வந்துச்சான்னு கேட்டுட்டு வரேன்' என்று சொல்லிவிட்டு, கோன் ஆடாமல் கையால் பிடித்துக்கொண்டு, கிடங்குப் பக்கம் திரும்புவது போலத் திரும்பிக் கழிவறைப் பக்கம் பாய்வார். அவர் பட்டனைத் தேடிப் போகும் நேரமெல்லாம் வரிசையில் யாரும் போக முடியாது. பெண்கள் முழங்காலை ஒட்டி வைத்துக்கொண்டு தைத்தார்கள். கூடவே யூகித்தார்கள்.

"சாருக்குக் கோள் சொல்லப் போறாங்க."

"இல்லடி, பங்குச் சந்தை. ஃபோன்ல ஏதோ வாங்கி விக்கிறாங்களாம்."

காலரக்கா நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "எத்தனை தடவை ஓடுது, வரும்போது மூஞ்சியைக் கழுவிட்டு வருது, யார்கிட்டயும் முகம் குடுத்துப் பேசறதில்ல. இந்த வயசுல இப்படி ஆனா ஒரே ஒரு காரணம்தான். காதல்."

அணைக்கட்டு அக்கா ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்கலாம். காரணம் இருந்தது. பக்கத்து வரிசை சூப்பர்வைசருக்கு மூட்டு வலி வந்து அவர் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார ஆரம்பித்தபோது, டார்கெட் சார் அவரைப் பிசிறு மேசைக்கு அனுப்பிவிட்டார். தைத்து முடித்த சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுகிற மேசை அது. சம்பளமும் குறைவு, பேரும் போய்விடும். "வரிசையில நிக்க முடியாத சூப்பர்வைசர், பொத்தான் இல்லாத சட்டை மாதிரி" என்று அப்போது டார்கெட் சார் திருவாய் மலர்ந்தார். அந்த வாசகத்துக்குத் தலையாட்டியவர்களில் முதல் ஆள் அணைக்கட்டு அக்கா. இப்போது அந்தத் தலை இரவெல்லாம் தலையணையில் புரண்டது. பிசிறு மேசைக்குப் போவதைவிட, அங்கே தான் உட்கார்ந்திருக்கும்போது காலரக்கா வந்து 'மேடம்' என்று கூப்பிடுவதை நினைத்தால்தான் அவருக்குத் தூக்கம் போனது.

ஒரு நாள் முற்பகலில், பட்டனைத் தேடிப் போன இடத்தில், கீழே குனிந்து பார்த்தார். இளஞ்சிவப்பு. அடுத்த முறை சிவப்பு.

நாடாவில் கோன் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கையால் பிடித்து நிறுத்தினார். 'திரும்பவும் வந்துடுச்சா?' என்ற ஒரே கேள்வியோடு அந்தச் சின்னக் கதவுக்குள் எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியாது. வெளியே வந்தபோது, "பட்டன் கெடச்சுதா மேடம்?" என்று காலரக்கா கேட்டார். அணைக்கட்டு அக்கா குனிந்த தலையோடு அவரைத் தாண்டிப் போனார்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூத்திரப் பை டாக்டர், உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார். ஒரு பெண்மணி, பொறுமைசாலி. அந்தப் பொறுமையே அணைக்கட்டு அக்காவுக்கு எரிச்சலாக இருந்தது.

"கேன்சர் திரும்பி வரலம்மா. பயப்படாதீங்க."

அணைக்கட்டு அக்கா கண்ணை மூடித் திறந்தார். நிம்மதி வந்தது. வந்து ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை, உடனே எழுந்து ஓட வேண்டியதாயிற்று. திரும்பி வந்து நாற்காலியில் அமர்ந்ததும் சண்டைக்குத் தயாரானார்.

"அப்ப இது என்னங்க டாக்டர்?"

"நீங்க வெச்சுக்கிட்ட கரண்ட்டோட பின்விளைவு. கர்ப்பப்பைக்குப் பக்கத்துலயே மூத்திரப் பை இருக்கு. கதிர் அதையும் தொட்டுட்டுத்தான் போகும். சிலருக்குச் சில வருஷம் கழிச்சு, பையோட சுவர் கெட்டியாகிச் சுருங்கிடும். விரிஞ்சு குடுக்காது, அதனால கொஞ்சம் சேர்ந்தாலே முட்டும். சின்னச் சின்ன ரத்தக் குழாயெல்லாம் லேசாயிடும், அதனால கசியும்."

"இது நார்மல்னு சொல்லிடாதீங்க. நான் வர்ற வழியெல்லாம் ஆளுக்கு ஒண்ணு சொல்லிட்டாங்க."

"நார்மல் இல்ல. ஆனா நடக்கும்."

"அப்ப அடக்கி வை, அடக்கி வைன்னு நீங்கதானே சொன்னீங்க? யாரும் அடக்காத அளவுக்கு அடக்கினேனே! அதனாலதானா?"

"அதனால இல்லம்மா. நீங்க அடக்கினதால பையில பாதி கதிருக்குத் தப்பிச்சுது. இல்லைன்னா இன்னும் மோசமா இருந்திருக்கும்."

கோபப்படுவதற்கு ஒரு ஆளாவது கிடைப்பார் என்று வந்தவருக்கு இது பெரிய ஏமாற்றம். கரண்ட்டு உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அடக்கியது நல்லதே செய்திருக்கிறது. டாக்டர் நல்லவர். மெஷின்காரப் பெண் நல்லவர். எல்லாரும் நல்லவர்கள். ஆனால் ஓடுவது மட்டும் இவர் ஒருத்தர்.

"இப்ப என்ன பண்ணணும்?"

"பைக்குள்ள மருந்து விடுவோம். ரத்தம் நிக்கலைன்னா ஆக்சிஜன் அறையில உக்கார வெச்சு ஒரு சிகிச்சை இருக்கு, அதைப் பாப்போம். நீங்க ரெண்டு விஷயம் பண்ணணும். தண்ணி நிறையக் குடிக்கணும். அப்புறம், வந்தா போயிடணும். அடக்கவே கூடாது." டாக்டர் பேனாவை மூடினார். "வேலை செய்யற இடத்துல நினைச்சப்ப போக விடுவாங்களா? விடலைன்னா சொல்லுங்க, லெட்டர் தரேன். சில இடத்துல அட்டையெல்லாம் குடுத்துக் கொடுமைப்படுத்தறாங்களாமே? யாருக்குத்தான் இப்படியெல்லாம் தோணுதோ!"

அணைக்கட்டு அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார்.

லெட்டர் வாங்கவில்லை. லெட்டர் என்றால் பிசிறு மேசை.

அடுத்த வாரம் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆர்டர் கொடுக்கிறவர்கள் தொழிற்சாலையைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. சட்டையை மட்டுமல்லாமல், சட்டை தைப்பவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் பார்ப்பார்களாம். இப்படிப்பட்ட நாட்களில் தொழிற்சாலை ஒரே ராத்திரியில் சொர்க்கமாகிவிடும். கழிவறையில் சோப்பு முளைக்கும். அதைத் தொடக் கூடாது, அது விருந்தாளிகள் பார்ப்பதற்கு. எல்லா வரிசையின் மஞ்சள் அட்டைகளும் டார்கெட் சாரின் மேசை டிராயருக்குள் அடைக்கலம் புகும். அன்று காலை அவர் எல்லாரையும் நிற்க வைத்துப் பேசினார்.

"யாராவது கேட்டா, நினைச்ச நேரம் போறோம், வர்றோம்னு சொல்லணும். இன்னிக்கு அட்டை கிடையாது. யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் போகலாம். புரிஞ்சுதா?" ஒரு மூச்சு விட்டு, "ஆனா யாரும் போகக் கூடாது" என்று முடித்தார்.

அணைக்கட்டு அக்கா டாக்டர் சொன்னபடி காலையில் ஒரு பாட்டில் தண்ணீர் குடித்திருந்தார். அறிவுக்குக் கட்டுப்பட்டுக் குடித்த அந்தத் தண்ணீர், விருந்தாளிகள் மாடிப்படி ஏறும் நேரமாகப் பார்த்து உத்தியோகத்தில் சேர்ந்தது. அவர் முதல் வரிசையைப் பார்த்தார். விருந்தாளிகள் ஒவ்வொரு மெஷினாக நின்று நின்று வந்தார்கள். சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். 'கேளு, நான் சொல்றதைக் கேளு' என்று உள்ளே சொன்னார். அந்தப் பக்கத்தில் கேட்கும் நிலையில் யாரும் இல்லை.

நெற்றியில் வேர்வை பூத்தது. காலரக்கா ஓரக் கண்ணால் பார்த்தார்.

"என்ன மேடம், அவர் வந்திருக்காரா இந்தக் கூட்டத்துல?"

"யாரு?"

"அதான் உங்க... பட்டன்."

"காலரக்கா, சத்தியமா இப்ப வேண்டாம்."

காலரக்கா அடுத்த கேலியை விழுங்கிவிட்டுத் தையலுக்குத் திரும்பினார். அது அரிதான நிகழ்ச்சி.

விருந்தாளிக் கூட்டம் கடைசி வரிசைக்கு வந்து சேர்ந்தது. நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணி, மெஷின் ஓரத்தில் நிறைந்து நின்ற தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு டார்கெட் சாரிடம் ஏதோ கேட்டார். டார்கெட் சார் பல் எல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, கண்ணால் மட்டும் முறைத்து, மொழிபெயர்த்தார்:

"இவங்க கேக்குறாங்க, இங்க வேலை செய்யறவங்க அவசரம்னா நினைச்ச நேரம் போகலாமான்னு. நீ சொல்லும்மா. நீதானே சூப்பர்வைசர்."

"போகலாம் சார்" என்றார் அணைக்கட்டு அக்கா.

"எப்ப வேணும்னாலுமான்னு கேக்குறாங்க."

"எப்ப வேணும்னாலும்."

"கேட்டுக்கிட்டுத்தான் போகணுமான்னு..."

இந்தக் கேள்வியின் பாதியில் அணை உடைவதற்கான எல்லா அறிகுறிகளும் தோன்றிவிட்டன. அணைக்கட்டு அக்கா, "கேக்க வேண்டாம் சார். இதோ, இப்பக்கூட!" என்று சொல்லிவிட்டு, இரண்டு விருந்தாளிகளுக்கு நடுவில் புகுந்து, தளம் முழுக்கப் பார்த்திருக்க, கழிவறையை நோக்கி ஓடினார். கிடங்குப் பக்கம் திரும்பும் நடிப்பெல்லாம் அன்று இல்லை. நேர்கோடு.

வெளிநாட்டுப் பெண்மணி, இவ்வளவு உடனடியான செய்முறை விளக்கத்தை எந்தத் தொழிற்சாலையிலும் பார்த்திராததால், மனம் நிறைந்து தலையாட்டினார்.

காலரக்கா கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். டார்கெட் சாரைப் பார்த்தார். பாட்டில்களைப் பார்த்தார். எழுந்தார்.

"எனக்கும்தான் சார்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

காலர் மெஷின் நின்றது. பிறகு கைப் பட்டி வைப்பவர் எழுந்தார். பிறகு பாக்கெட் தைப்பவர், பொத்தான் துளை போடுபவர். எத்தனையோ காலமாக அப்புறம் அப்புறம் என்று தள்ளிப் போடப்பட்டதெல்லாம் அன்றைக்கு ஒன்றாகக் கிளம்பியது. ஒவ்வொரு மெஷினாக ஓசை அடங்கி, கடைசி வரிசை அதன் வரலாற்றில் முதல் தடவையாக மௌனமானது. காலர் இல்லாத சட்டைகள் கழுத்து வெட்டுண்ட மாதிரி மேசையில் குவிந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவில் டார்கெட் சார், சிரிப்பைக் கழற்றவும் முடியாமல் மாட்டிக்கொள்ளவும் முடியாமல் நின்றார். பக்கத்தில் வெளிநாட்டுப் பெண்மணி, "அற்புதம்" என்று தன் பாஷையில் சொன்னார்.

கழிவறையில், அணைக்கட்டு அக்கா கதவைத் திறந்து வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. கை கழுவும் தொட்டி அருகே காலரக்கா நின்றிருந்தார். மற்றவர்கள் அவருக்குப் பின்னால்.

"மேடம், காதல்னு நினைச்சேன்."

"காதலா?"

"பின்ன? இத்தனை ஓட்டத்துக்கு."

அணைக்கட்டு அக்காவுக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது. சிரித்தால் ஆபத்து என்பதால் பாதியில் நிறுத்தினார். "கரண்ட்டு வெச்சாங்கல்ல, அதுல பை சுருங்கிப் போச்சு. தாங்க மாட்டேங்குது. ரத்தமும் வருது."

காலரக்கா திறந்திருந்த குழாயை மூடினார்.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொன்னா நீங்க ஊர் முழுக்கச் சொல்லியிருப்பீங்க."

காலரக்கா யோசித்தார். நேர்மையானவர். "ஆமா. சொல்லியிருப்பேன்" என்றார்.

மறுநாள் காலை டார்கெட் சார் கூப்பிட்டனுப்பினார். மேசை மேல் மஞ்சள் அட்டை கிடந்தது.

"நேத்து என்ன கூத்தும்மா அது?"

அணைக்கட்டு அக்கா ராத்திரியே முடிவு செய்திருந்தார். மூச்சை இழுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல டார்கெட் சார் தன் பேனா, கண்ணாடி, விசிறி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெண்களின் வயிற்றுக்குக் கீழே எந்த டார்கெட்டும் இருப்பதாக அவருக்கு இதுவரை தெரிந்திருக்கவில்லை.

"அப்ப... நிக்க முடியாதுன்னா... பிசிறு மேசை..."

"அனுப்புங்க சார். போறேன். ஆனா அந்த வெளிநாட்டம்மா அடுத்த தடவை வந்து, அன்னிக்கு ஓடினாங்களே அந்த சூப்பர்வைசர் எங்கன்னு கேட்டா, அந்த மேசையைக் கை காட்டுவீங்களா?"

டார்கெட் சார் வெகுநேரம் மேசை ஓரத்தில் விரலால் தாளம் போட்டார். கடைசியில், "இந்த ஆர்டர் முடியட்டும். அப்புறம் பாப்போம்" என்றார். கருணை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கட்டடத்தில் கிடைக்கக்கூடிய உயர்ந்த ரகம் அதுதான். "அட்டையை எடுத்துக்கிட்டுப் போ" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவர் எடுத்துக்கொண்டு போனார். வரிசைக்கு வந்தார். காலரக்காவின் மெஷின் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும், மெக்கானிக்கிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன கால். நாடாவை அவிழ்த்து, கோனைக் குப்பைக் கூடையில் போட்டு, அட்டையை நாலாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் செருகினார். மெஷின் ஆடாமல் நின்றது.

அன்று முற்பகல், ஷிப்டுக்கு நட்ட நடுவில், அந்தக் கதவுக்கு வெளியே காலரக்கா காத்துக்கொண்டிருந்தார். உள்ளே வேறு யாரோ. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினார். அணைக்கட்டு அக்கா. கழுத்தில் எதுவும் இல்லை. கையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில். சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, வரிசையில் இரண்டாவது ஆளாக நின்றார்.

காலரக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு லேசாகக் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அவசரமா, பழக்கமா?"

அணைக்கட்டு அக்கா தரையைப் பார்த்தார்.

"அவசரம்" என்றார்.

உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. காலரக்கா சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார்.